ஓடிப் பழகாதவர் 5 கிலோமீட்டர் சமூக ஓட்டத்துக்குப் பேர் கொடுக்கலாமா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 44. ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை கோட்டை எதிரே தொடங்கும் 5 கிலோமீட்டர் சமூக ஓட்டத்துக்கு அவர்கள் தெருவே பேர் கொடுக்கிறதாம். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து இவர் ஓடியதில்லை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பத்து வயது மகளும் கூட வருகிறேன் என்கிறாள். "இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது சார். பேர் கொடுக்கலாமா? கடைசி ஆளாக வந்து எல்லார் எதிரிலும் நிற்க வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது."

பேர் கொடுங்கள் அம்மா. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உடனே கொடுங்கள். கடைசியாக வருவதைப் பற்றிக் கேட்டீர்களே, முதலில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் பார்த்தவரை, ஆசை இருந்தும் பேர் கொடுக்காமல் நின்றுவிடுகிறவர்களை நிறுத்துவது முழங்காலோ மூச்சோ கிடையாது. இந்தப் பயம்தான்.

நான் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நம் பக்கத்தில் இப்படி ஓட்டம் நடந்தால் உதவிக்குக் கூப்பிடுவார்கள். நான் கேட்டு வாங்கிக்கொள்ளும் வேலை ஒன்றுதான்: கூட்டத்துக்குப் பின்னால், கடைசியாக வருகிறவரோடு சேர்ந்து வருவது. அதனால் நான் இருக்கும் ஓட்டத்தில் கடைசியாக முடிவுக் கோட்டைத் தாண்டுகிறவன் நான்தான். மற்ற எல்லாரும் எனக்கு முன்னால் வந்தவர்கள்.

பின்னால் வருகிறவனுக்குத் தெரிகிற காட்சியே வேறு. கொடியசைத்ததும் மேளச் சத்தத்தில் பையன்கள் நூறு மீட்டர் பந்தயம் மாதிரி பாய்வார்கள். ஒரு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வருஷம் என்னோடு வந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், பூ வியாபாரம் செய்கிறவர். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். நம்பர் அட்டையை முந்தானையில் ஊக்கு குத்தியிருந்தார். காற்றில் அது மடங்க மடங்க, பத்தடிக்கு ஒரு தடவை அதை நீவி விட்டுக்கொண்டே நடந்தார். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. உட்கார்ந்திருந்த பையன்களை ஒவ்வொருவராகத் தாண்டினோம். "இன்னும் எவ்ளோ தூரம் சார்?" என்றார். ஒன்றரை கிலோமீட்டர் என்றேன். "அவ்ளோதானா, அது எங்க வீட்லருந்து மார்க்கெட்டு தூரம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார். முடிக்கும் இடத்தில் அவருக்குக் கிடைத்த கைதட்டல் முதலில் வந்த பையனுக்குக் கிடைக்கவில்லை.

கசப்பான அனுபவமும் உண்டு. வேறொரு ஓட்டத்தில் நானும் மூன்று பெண்களும் போய்ச் சேர்வதற்குள் முடிக்கும் இடத்தில் கட்டியிருந்த வளைவைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பதக்கப் பெட்டியும் போய்விட்டது. அந்த மூன்று பேர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே பேர் கொடுக்கும்போதே நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்: எத்தனை மணி வரை முடிக்கும் இடம் திறந்திருக்கும்? கடைசி ஆளோடு யாராவது வருகிறார்களா? பெண்களுக்குக் கழிப்பறை எங்கே? தண்ணீர் எந்தெந்த இடத்தில்? ஆம்புலன்ஸ் உண்டா? டீ சட்டை என்ன நிறம் என்பதை மட்டும் சொல்லி மற்றதற்கு மழுப்பினால் அந்த ஓட்டத்தை விட்டுவிட்டு வேறு ஓட்டம் பாருங்கள். குறிப்பாகக் கழிப்பறை விஷயத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்களுக்கு அதுதான் பெரிய கவலை. ஏற்பாடு செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பதால் அது அவர்கள் ஞாபகத்துக்கு வருவதே இல்லை.

லண்டனில் புஷி பார்க் என்ற பூங்காவில் 2004 அக்டோபர் 2ஆம் தேதி 13 பேர் 5 கிலோமீட்டர் ஓடினார்கள். பார்க்ரன் என்று இன்று பல நாடுகளில் வாராவாரம் நடக்கும் இலவச ஓட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது. அங்கே ஒவ்வொரு இடத்திலும் கடைசி ஆளோடு வர ஒரு தொண்டர் கட்டாயம் உண்டு. ஆண்டுகள் போகப் போக, ஓடி முடிக்கும் சராசரி நேரம் அங்கே கூடிக்கொண்டே போனது. மெதுவாக வருகிறவர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள் என்று அதை அவர்கள் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சமூக ஓட்டத்துக்கு அதுதான் சரியான அளவுகோல் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, தூரத்துக்கு வருவோம். நீங்கள் திருவண்ணாமலை கிரிவலம் போயிருப்பீர்கள். நம் ஊரில் போகாதவர்கள் குறைவு; 1989 வரை அதுவும் நம் வடஆற்காடு மாவட்டம்தானே. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை வெறுங்காலோடு ராத்திரியில் நடந்து முடித்த கால்களுக்கு 5 கிலோமீட்டர் புதிது கிடையாது. சாதாரண நடையில் ஒரு கிலோமீட்டருக்கு 12 நிமிடம் என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நடுநடுவே கொஞ்சம் ஓடினால் 45, 50 நிமிடம். ஓட ஆரம்பித்தால் நிற்கக் கூடாது, நடந்தால் தோல்வி என்று யாரோ நமக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற பி.டி. மாஸ்டர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதை மறந்துவிடுங்கள். ஓட்டமும் நடையுமாக மாற்றி மாற்றிப் போவது, பழகுகிறவர்களுக்கு முறையான பயிற்சியே.

எவ்வளவு வேகம் என்பதற்கு ஒரே அளவு, பேச்சு. ஓடும்போது மளிகைப் பட்டியலைச் சொல்லிப் பாருங்கள். "துவரம் பருப்பு ஒரு கிலோ, உளுந்து அரைக் கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர்" என்று ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. "துவரம்" என்றதுமே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், உடனே குறையுங்கள். பாட்டே பாட முடிகிறதென்றால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம். இந்தப் பேச்சு அளவு உங்களுக்கு இன்னொரு காரணத்தாலும் முக்கியம். பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு வகை இதயத் துடிப்பையே குறைத்து வைக்கும். அதைச் சாப்பிடுகிறவர்கள் கையில் கட்டும் வாட்ச் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்டினால் கணக்குத் தப்பிவிடும். இன்னொரு வகை, சிறுநீர் அதிகம் போக வைக்கிற மாத்திரை. அதில் உடம்பில் நீர் குறைவது சீக்கிரம் நடக்கும். உங்களுடையது எந்த வகை, ஓட்டத்தன்று எந்த நேரத்துக்குப் போட வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷர் இப்போது கட்டுக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது சரியாகும் வரை நடை மட்டும் போதும். ஓட்டத்துக்கு முன்னால் "கால் வலிக்காமல் இருக்க" என்று வலி மாத்திரை போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பிரஷர் மாத்திரை, வியர்வை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல். வேண்டவே வேண்டாம்.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. முதல் ஐந்து நிமிடம் வெறும் நடை. அப்புறம் முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு தடவை. மூன்றாம் நான்காம் வாரம் இரண்டுக்கு இரண்டு, ஏழு தடவை. ஐந்தாம் ஆறாம் வாரம் மூன்று நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, ஆறு தடவை. ஏழாம் எட்டாம் வாரம் ஐந்துக்கு இரண்டு, ஐந்தாறு தடவை. கடைசி வாரம் இரண்டு நாள் லேசாகப் போய்விட்டு வெள்ளியும் சனியும் ஓய்வு. ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள், அடுத்ததற்குத் தாவ வேண்டாம். மூச்சு மூன்றே வாரத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக அதைவிட அதிக நாள் எடுக்கும். ஐந்தாவது வாரத்தில் "இப்போதுதான் நன்றாக ஓட வருகிறதே" என்று ஒரேயடியாக நான்கு கிலோமீட்டர் ஓடி முன்னங்கால் எலும்பு வலியோடு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கெண்டைக்கால், தொடை பொதுவாக வலித்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்து அழுத்தும்போது சுரீர் என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் ஒன்பது வாரம் நல்ல பருவத்தில் வருகிறது. சுற்றிலும் பாறைமலை, வெயிலூர் என்றே பேர் வாங்கிய ஊர் நம்முடையது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். கார்த்திகையில் மழை பெய்யும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே படி ஏறி இறங்குங்கள். மார்கழி பிறந்ததும் பெண்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: ஐந்து மணிக்கே தெருவெல்லாம் விளக்கு, வாசலில் கோலம், கோயில் ஒலிபெருக்கி. தனியாக ஓடினாலும் தெரு விழித்திருக்கும். போகி அன்று மட்டும் ஓட வேண்டாம், புகையில் நெஞ்சு எரியும். பொங்கலுக்குச் சொந்த ஊர் போனால் வயல் வரப்பை விட்டுவிட்டு வண்டிப் பாதையில் ஓடுங்கள். மாடு விடும் விழா நடக்கும் தெருவுக்கு அன்றைக்குப் பூராவும் போக வேண்டாம்.

இடம் என்று பார்த்தால் கோட்டைப் பூங்கா பக்கம் காலையில் நடக்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். விளையாட்டு மைதானத்தில் 400 மீட்டர் தடம் கிடைத்தால் பன்னிரண்டரைச் சுற்று 5 கிலோமீட்டர், கணக்கு சுலபம். பாலாற்று மணல் மெத்தென்று இருக்கிறதே என்று அதில் ஓடாதீர்கள். மணலில் கால் புதையும்போது கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாருக்கும் வேலை கூடும், பழகாதவர்களுக்குப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் இருப்பது சத்துவாச்சாரி என்பதால் சொல்கிறேன், பைபாஸ் சர்வீஸ் ரோடு பக்கமே போக வேண்டாம். உள்தெருக்களில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக ஓடுங்கள். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தெரு நாய் பயம் நியாயமான பயம். நாய் துரத்த வந்தால் ஓட்டத்தை நிறுத்திச் சாதாரணமாக நடங்கள். முதுகைக் காட்டி ஓடினால்தான் அதற்குத் துரத்தத் தோன்றும். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது.

ஷூ விஷயத்தில் சிக்கனம் பார்க்கலாம், அளவில் பார்க்கக் கூடாது. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று ஷூவுக்கும் தோலுக்கும் பேர் போன பகுதியில் இருந்துகொண்டு நம் ஆட்கள் அளவு தப்பிய ஷூவில் ஓடி நகம் கறுத்து வருவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. சாயங்காலத்தில் போய் வாங்குங்கள், அப்போது பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். ஓடும்போதும் பாதம் அப்படித்தான் உப்பும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஓட்டத்தன்று புது ஷூ போடாதீர்கள், குறைந்தது மூன்று வாரம் பழகியிருக்க வேண்டும். வெறுங்காலோடு வந்த அந்தப் பூக்கார அம்மாவுக்கு அது வாழ்நாள் பழக்கம். நமக்கு அது ஒத்துவராது. சுடிதார் போதும், துப்பட்டாவை வீட்டில் விட்டுவிடுங்கள் அல்லது குறுக்கே இறுகக் கட்டுங்கள். உள்ளாடை ஓட்டத்துக்கென்று விற்கும் இறுக்கமான வகையாக இருக்கட்டும், அந்த ஒரு செலவு அவசியம். தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். இலவசமாகக் கொடுக்கும் டீ சட்டையைத் துவைக்காமல் போட்டால் அக்குளில் உரசிப் புண்ணாகும்.

முதல் நாள் இரவு பிரியாணி வேண்டாம், அதை ஞாயிறு மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாதம் ரசம், அல்லது இட்லி போதும். காலையில் கிளம்பும்போது ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் தண்ணீரும். காபி வழக்கமாகக் குடிக்கிறவர் என்றால் அரை டம்ளர் குடியுங்கள், இல்லையென்றால் தலைவலியோடு உட்கார வேண்டி வரும். ஒரு மணி நேர ஓட்டத்துக்குத் தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். பயந்துபோய் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, உடம்பில் உப்பின் அளவு குறைந்துவிடும். முடித்த பிறகு எலுமிச்சம்பழச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் குடியுங்கள். தண்ணீர் பாக்கெட் கொடுத்தால் வாங்காதீர்கள். 2019 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் அதற்குத் தடை, ஓட்டம் முடிந்த தெருவைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

நம்பர் அட்டையின் பின்பக்கம் வீட்டுப் போன் நம்பர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரையின் பேர் மூன்றையும் பேனாவால் எழுதுங்கள். நான்கு மூலையிலும் ஊக்கு குத்துங்கள். ஜனவரிக் கடைசியில் நம் ஊரில் சூரியன் எழ ஆறரை தாண்டிவிடும், ஆறு மணிக்கு நிற்கும்போது குளிரும். அந்த நேரத்தில் நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடங்கள். தொடக்கக் கோட்டில் முன்னால் போய் நிற்காதீர்கள், கடைசி வரிசைக்கு வாருங்கள். மேளம் அடிக்கும்போது உங்களையும் அறியாமல் கால் வேகமெடுக்கும். முதல் ஐந்து நிமிடம் நடந்தே தீருவது என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள். எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். அதில் பாதிப் பேரை மூன்றாவது கிலோமீட்டரில் நீங்கள் பார்ப்பீர்கள். விலாவில் பிடித்தால் வேகத்தைக் குறைத்து, பிடித்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், ஓரிரு நிமிடத்தில் விடும்.

நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, கண் இருட்டுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அங்கேயே நில்லுங்கள், உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே கிடையாது. கூட ஓடுகிறவர் தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெப்பத்தால் வரும் ஆபத்தாக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய் தலை, கழுத்து, அக்குள் என்று உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். வண்டி வரட்டும் என்று ஊற்றாமல் காத்திருக்கக் கூடாது.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். பத்து வயதுப் பிள்ளை ஓட்டமும் நடையுமாக 5 கிலோமீட்டர் வரலாம், அவளும் உங்களோடு பழகியிருந்தால். பழகாமல் அன்றைக்கு மட்டும் வருவதென்றால் குழந்தைகளுக்கு என்று தனியாக ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டு அதில் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓடுவார்கள். அது அவர்கள் இயல்பு, அதட்ட வேண்டாம். கூட்டத்தில் கண்ணை விட்டு மறையாமல் இருந்தால் போதும்.

பயிற்சிக்கு அவளை இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள் என்பேன், ஒரு காரணத்துக்காக. நிமிடக் கணக்கைப் பார்த்துக்கொண்டே ஓடுவது புதிதாக ஓடுகிறவர்களுக்குத் தொந்தரவு. போனை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் ஆனதும் "நடம்மா" என்பாள். இரண்டு நிமிடம் ஆனதும் "ஓடும்மா" என்பாள். முதல் வாரத்தில் இன்னும் ஓடலாம் போலத்தான் இருக்கும். அப்போதும் அவள் "நடம்மா" என்றால் நடந்துவிடுங்கள்.